அணுவுலை விபத்துக்குப் பின் அதிகாரபூர்வத் தகவலை எந்த அளவுக்கு நம்புவது?

கேள்வி: ஐயம்கொண்டவன்

அனைவருக்கும் வணக்கம். அணுவுலை விபத்துகளைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். உலைக்குள் என்ன பழுது நேர்ந்தது என்பதைக் காட்டிலும், வெளியே இருந்த மக்களுக்கு எது, எப்போது, எப்படிச் சொல்லப்பட்டது என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. அதில் ஒரு முரணை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட, அதுவரை இயக்கத்தில் இருந்த மூன்று உலைகளையும் குளிர்விக்க வழியில்லாமல் போயிற்று. அன்றிரவு 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மறுநாள் விடியலில் அது 10 கிலோமீட்டர் ஆயிற்று, மாலையில் 20 ஆயிற்று. மார்ச் 16 அன்று அமெரிக்க அரசோ தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுமாறு அறிவுறுத்தியது. விபத்தின் கடுமையைக் குறிக்கும் பன்னாட்டு அளவுகோலில் முதலில் 4 என்றார்கள், ஒரு வாரத்தில் 5 என்றார்கள், ஏப்ரல் 12 அன்று உச்சநிலையான 7 என்றார்கள். உலைக்கரு, அதாவது எரிபொருள் இருக்கும் மையப்பகுதி, உருகிவிட்டது என்பதை உலைகளை நடத்திய டெப்கோ மின் நிறுவனம் மே மாதத்தில்தான் ஒப்புக்கொண்டது. இந்த நாள்களில் அமைச்சரவைத் தலைமைச் செயலர் யுகியோ எடானோ தொலைக்காட்சியில் தோன்றி, இப்போதைய அளவால் உடல்நலத்துக்கு உடனடிப் பாதிப்பு இல்லை என்று பலமுறை கூறினார்.

இவ்வளவையும் படித்தபின் அரசின் சொல்லை நம்புவது யாருக்கும் கடினமே. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐக்கிய நாடுகள் அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கதிர்வீச்சே நேரடிக் காரணம் என்று சொல்லத்தக்க உடல்நலக் கேடு எதுவும் ஃபுகுஷிமா மக்களிடம் பதிவாகவில்லை. அதே மாகாணத்தில், வெளியேற்றத்தின் அலைக்கழிப்பாலும் மருத்துவம் தடைப்பட்டதாலும் மனச்சுமையாலும் நேர்ந்தவை எனப் பேரிடர்சார் இறப்புகளாகப் பதிவானவை 2,300க்கும் அதிகம். நிலநடுக்கமும் அலையும் அங்கே நேரடியாகக் கொன்றவர்களின் எண்ணிக்கையையே அது மிஞ்சிவிட்டது.

அப்படியானால் மக்களின் அச்சம் தவறா? அல்லது, தகவலைத் தந்த விதம் தவறாக இருந்ததால் அச்சம் நியாயமானதா? கருவியும் படிப்பும் இல்லாத ஒருவர், அத்தகைய நாளில் எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது?

மறுமொழி: அளவைமானி

வணக்கம். மருத்துவமனையொன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விபத்தின்போது மக்கள் மனத்தில் எழும் கேள்விகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. உலைக்குள் என்ன நடக்கிறது என்பது ஒன்று. நான் நிற்கும் இடத்தில் இந்த நேரத்தில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்பது வேறொன்று. அந்த அளவு என்னையும் என் குழந்தையையும் என்ன செய்யும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். 1979இல் விபத்துக்குள்ளான அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு உலையில் உலைக்கருவின் ஏறத்தாழப் பாதி உருகியிருந்தது பல ஆண்டுகள் கழித்து உள்ளே பார்த்தபோதுதான் உறுதியானது. இரண்டாவதை ஒரு கருவி நிமிடங்களில் சொல்லிவிடும். மூன்றாவதில் அறிவியலுக்கே ஓரளவு உறுதியின்மை உண்டு: கூடுதலாகப் பெறும் அளவு 100 மில்லிசீவர்ட்டுக்குக் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே இருக்கும்போது புற்றுநோய் அதிகரிப்பைப் புள்ளிவிவரங்களில் பிரித்துக் காண்பது கடினம். ஆயினும், அளவு குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறையுமேயன்றி ஓர் எல்லைக்குக் கீழே முற்றிலும் மறைந்துவிடாது என்ற கருதுகோளின் மேல்தான் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டுள்ளன. ஃபுகுஷிமாவில் முதல் கேள்வியைக் கேட்டவர்களுக்கு மூன்றாவதன் விடையைச் சொன்னார்கள். உலை வெடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பவரிடம், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பள்ளி மைதானங்களின் கதை இன்னும் வேதனையானது. 2011 ஏப்ரல் 19 அன்று ஜப்பானியக் கல்வி அமைச்சகம், மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட்டுக்குக் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருந்தால் மைதானத்தை வழக்கம்போலப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்த 3.8 ஒரு கணக்கின் விடை. பிள்ளை நாளுக்கு 8 மணி நேரம் வெளியிலும் 16 மணி நேரம் மரவீட்டிலும் இருக்கிறது, வீட்டினுள் வெளியே இருப்பதில் 40 விழுக்காடு மட்டுமே படுகிறது என்று வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் கூட்டினால் 20 மில்லிசீவர்ட் வரும். இயல்பான காலத்தில் பொதுமக்களுக்கான வரம்போ ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். விபத்துக்குப் பிந்தைய நிலைக்குப் பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் 1 முதல் 20 வரையான இடைவெளியின் மேல்முனையை எடுத்தோம், இது தற்காலிகம், இன்னின்ன வழிகளில் குறைத்துக்கொண்டே வருவோம் என்று தொடக்கத்திலேயே விளக்கியிருக்கலாம். அது பெற்றோரின் மனத்தில் பதியும்படி யாரும் சொல்லவில்லை. நேற்றுவரை 1 என்றவர்கள் இன்று 20 என்கிறார்கள் என்பதே அவர்களுக்கு எட்டிய செய்தி. பிரதமரின் ஆலோசகராக இருந்த பேராசிரியர் தோஷிசோ கோசாகோ, குழந்தைகளுக்கு இந்த அளவை ஏற்க முடியாதென்று கண்ணீருடன் பதவி விலகினார். மே இறுதியில் அமைச்சகம் இறங்கிவந்து 1 மில்லிசீவர்ட்டை இலக்காக அறிவித்தது. பின்னாளில் மக்கள் உடலில் அணிந்த அளவைமானிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கு சொன்னதைவிடக் குறைவான அளவையே காட்டின. அதற்குள் போக வேண்டிய நம்பிக்கை போய்விட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதில் இவ்வளவு, விமானப் பயணத்தில் இவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டுவதை அதிகாரிகள் பெரிதும் விரும்புகிறார்கள். எண்ணளவில் அந்த ஒப்பீடு சரியாகவே இருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்பவர் தன் நோயை அறியும் பயனுக்காகத் தானே ஒப்புக்கொண்டு எடுத்துக்கொள்கிறார். விபத்தால் வந்ததை எவரும் கேட்டுப் பெறவில்லை. தன் விருப்பமின்றித் திணிக்கப்பட்ட ஆபத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தையும் மனிதர்கள் கடுமையாக எடைபோடுகிறார்கள் என்பதைப் பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் 1980களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அது ஒரு மதிப்பீடு.

நல்ல முன்மாதிரியும் அங்கேயே இருக்கிறது. மார்ச் 23 அன்று டோக்கியோ மாநகர நிர்வாகம், கானமாச்சி நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கிலோகிராம் நீரில் 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, ஆகவே அவர்களுக்கு இந்த நீரைத் தர வேண்டாம் என்று அறிவித்தது. மறுநாள் அளவு 79 ஆனதும் தடையை நீக்கியது. கடைகளில் புட்டிநீர் தீர்ந்துபோனது உண்மை. ஆனால் எங்கே, எவ்வளவு, யாருக்கு, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அந்த ஒரே அறிவிப்பில் இருந்தன.

மறுமொழி: பழஞ்செய்தி

அளவைமானி அவர்கள் எண்களைப் பற்றிச் சொன்னார். நான் எண்ணைச் சொல்லும் வாயைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

த்ரீ மைல் தீவு விபத்தின் முதல் நாளான 1979 மார்ச் 28 அன்று, உலையை இயக்கிய நிறுவனம் நிலைமையைக் குறைத்துச் சொன்னது. அன்று மாலையே பென்சில்வேனியாவின் துணை ஆளுநர், நிறுவனம் முதலில் சொன்னதைவிட நிலைமை சிக்கலானது என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டார். மூன்றாம் நாள் அதைவிட மோசமான குழப்பம் ஏற்பட்டது. புகைபோக்கிக்கு நேர்மேலே பறந்த ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம், அதாவது 12 மில்லிசீவர்ட், என்று அளந்திருந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகத்தில், தரைமட்டத்துக்கென அவர்கள் போட்டிருந்த ஒரு கணக்கும் தற்செயலாக அதே எண்ணைக் காட்டியதால், அது ஊருக்குள் எடுத்த அளவு என்று எண்ணி வெளியேற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். எந்த இடத்தில் அளந்தது என்ற ஒரு விவரம் விடுபட்டதால் வந்த வினை இது. அன்று பகலில் ஆளுநர் டிக் தார்ன்பர்க், 5 மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு சிலருக்கானதாக இருந்தும், கிளம்பிப் போனவர்கள் சுமார் 1,40,000 பேர்.

நிலைமை அடங்கத் தொடங்கியது ஹெரால்ட் டென்டன் வந்த பிறகுதான். அதிபர் கார்ட்டர் அனுப்பிவைத்த ஒழுங்குமுறை ஆணைய அதிகாரி அவர். உலை இருக்கும் இடத்துக்கே வந்து தங்கினார். இனி கூட்டாட்சி அரசின் தரப்பில் உலையைப் பற்றி அவர் மட்டுமே பேசுவார் என்று ஏற்பாடாயிற்று. எளிய சொற்களில், அவசரமில்லாமல், தெரிந்ததைத் தெரிந்ததாகவும் ஆராய்ந்துகொண்டிருப்பதை அவ்வாறே கூறியும் விளக்கினார். உலைக்கலத்தில் சேர்ந்திருந்த ஹைட்ரஜன் குமிழி வெடிக்குமா என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்த நேரத்தில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தது. அந்த விபத்தை விசாரித்த கெமெனி ஆணையம், மக்களுக்கு நேர்ந்த முதன்மையான உடல்நலப் பாதிப்பு மன உளைச்சலே என்று முடிவு கூறியது. அந்த உளைச்சலில் பெரும்பகுதியை முதல் மூன்று நாள்களின் முரண்பட்ட பேச்சுகளே உண்டாக்கின என்பது என் கருத்து.

மௌனம் எவ்வளவு கொடியது என்பதற்குச் சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் போதும். 1986 ஏப்ரல் 26 பின்னிரவில் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த ப்ரிப்யாத் நகரத்தவரை மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றினார்கள். உலகுக்குச் செய்தியை முதலில் உணர்த்தியவை 28ஆம் தேதி சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் இருந்த கருவிகள். அதன் பிறகே அன்றிரவு சோவியத் தொலைக்காட்சியில் சில வரிகள் வாசிக்கப்பட்டன. கீவ் நகரில் மே நாள் ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. சோவியத் தலைவர் கொர்பச்சோவ் மக்களிடம் பேசியது மே 14 அன்று. இந்த நாள்களில்தான் மாடுகள் மேய்ந்த புல்லிலிருந்து அயோடின்-131 பாலுக்கு வந்தது. அந்தப் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அயோடின்-131இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 8 நாள்களே. சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். 2005 வரையிலான கணக்கில், அப்போது சிறுவயதினராக இருந்தவர்களிடம் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றில் கணிசமான பகுதிக்கு அந்தப் பாலே காரணமாக இருக்கக்கூடும் என்கிறது நீங்கள் குறிப்பிட்ட அதே அறிவியல் குழு. அருகிலிருந்த போலந்தோ மாஸ்கோவின் விளக்கத்துக்குக் காத்திராமல், தன் அளவீடுகளை நம்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் சாதாரண அயோடின் கரைசலைக் கொடுத்தது.

நண்பர் ஃபுகுஷிமாவில் கண்ட முரணுக்கு ஒரு பகுதி விடை இதில் இருக்கிறது. ஜப்பானில் மார்ச் 17 அன்றே உணவுக்கான தற்காலிக வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. 21ஆம் தேதி ஃபுகுஷிமாவின் பாலும் சில கீரைகளும் சந்தைக்குப் போவது தடுக்கப்பட்டது. உலையைப் பற்றிப் பேசுவதில் தடுமாறிய அதே அரசு, பாலை நிறுத்துவதில் சரியாகவே செயல்பட்டது. பின்னாளில் பாதிப்பு குறைவாக இருந்ததற்கு இத்தகைய நடவடிக்கைகளும் காரணம். ஆகவே முடிவு நல்லபடியாக அமைந்ததைக் காட்டி, தொடக்கத்திலேயே அச்சத்துக்கு இடமில்லை என்று வாதிடுவது பொருந்தாது.

மறுமொழி: எதிர்க்கரை

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் அதிகாரிகளின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்; நான் ஒரு பொறியாளன், கருவிகள் செத்துப்போன கட்டுப்பாட்டறை எப்படி இருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க முடிகிறது.

ஃபுகுஷிமாவில் மின்சாரம் போனதும் நீர்மட்டமானிகளும் அழுத்தமானிகளும் பயனற்றுப் போயின. மாகாணத்தின் நிலையான கண்காணிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை செயலிழந்தன. சாலைகள் பிளந்து கிடந்தன. தெரியாததை எப்படிச் சொல்வது? கதிரியக்கப் பொருள் காற்றில் பரவும் திசையைக் கணிக்கும் 'ஸ்பீடி' என்ற அமைப்பின் முடிவுகளை மறைத்தார்கள் என்று எல்லோரும் குற்றம் சாட்டுகிறார்கள். அந்த அமைப்புக்கு உலையிலிருந்து எவ்வளவு வெளியாகிறது என்ற தரவு வந்திருக்க வேண்டும், அது வரவில்லை. ஆகவே ஒரு கற்பனை அளவை வைத்துக் கணித்த படங்களே கையில் இருந்தன. அவற்றை வெளியிட்டுத் தவறாகிப்போனால், அதற்கும் அதே அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜப்பானிய அணுசக்தி ஆணையத் தலைவர் ஷுன்சுகே கோண்டோ மார்ச் 25 அன்று பிரதமருக்கு அளித்த மிக மோசமான நிலைக்கான கணிப்பையும் எண்ணிப்பாருங்கள். பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்வித்து வைத்திருக்கும் குளங்கள் அடுத்தடுத்துக் கைவிட்டுப்போனால் 250 கிலோமீட்டர் வரை மக்கள் இடம்பெயர நேரலாம் என்றது அது. டோக்கியோ அதற்குள் அடங்கும். அதை அன்றே வெளியிட்டிருந்தால் கோடிக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்திருப்பார்கள். பக்கத்து ஊர்களை வெளியேற்றியதிலேயே, மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் பேருந்துகளில் ஏற்றப்பட்ட நோயாளிகள் பலர் வழியிலும் போய்ச்சேர்ந்த இடத்திலும் இறந்தார்கள். தகவல் தருவதற்கும் ஒரு விலை உண்டு. அதை எடைபோடுவதும் ஓர் அரசின் கடமை.

மறுமொழி: பழஞ்செய்தி

எதிர்க்கரை அவர்களே, கருவிகள் செத்துப்போயின என்பதையும் தெரியாததைச் சொல்ல முடியாது என்பதையும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தெரியவில்லை என்பதைச் சொல்ல முடியும். மார்ச் 12 அன்று அணுசக்திப் பாதுகாப்பு முகமையின் செய்தித்தொடர்பாளர் கோய்ச்சிரோ நாகாமுரா, உலைக்கரு உருகிக்கொண்டிருக்கக்கூடும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவரை அந்தப் பணியிலிருந்து மாற்றிவிட்டார்கள். டெப்கோவின் அன்றைய தலைவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவுறுத்தியிருந்ததை 2016இல் ஒரு விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இங்கே தரவு இல்லாத குறை எதுவும் இல்லை. சரியாகக் கணித்தவரின் வாய் அடைக்கப்பட்டது.

ஸ்பீடியிலும் அப்படித்தான். வெளியான அளவு தெரியாவிட்டாலும் காற்றின் திசை தெரியும். உலைக்கு அருகிலிருந்த நாமியே நகரத்தவர் வடமேற்கே ட்சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். மார்ச் 15 அன்று கதிரியக்கப் பொருள் மிகுந்த காற்று அந்தப் பக்கமே வீசி, மழையும் பனியுமாக அங்கே படிந்தது. அந்தப் படங்கள் மார்ச் 14 அன்றே அமெரிக்கப் படைகளுக்குப் போய்விட்டன. சொந்த மக்களுக்கு 23ஆம் தேதிதான் காட்டப்பட்டன. தவறாகலாம் என்ற அச்சம் வெளிநாட்டுப் படையிடம் இல்லாமல் நாமியே மக்களிடம் மட்டும் ஏன் வந்தது என்பதற்கு எனக்கு இன்றுவரை நிறைவான விடை கிடைக்கவில்லை.

பீதியைப் பற்றியும் ஒரு சொல். கியோஷி குரோகாவா தலைமையில் ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, முதல் வெளியேற்ற ஆணை வந்த அன்றிரவு, உலை அமைந்திருந்த நகரத்திலேயே 20 விழுக்காட்டினருக்குத்தான் விபத்து நடந்ததே தெரிந்திருந்தது என்று கண்டறிந்தது. ஒன்றும் தெரியாமல் கிளம்பியவர்கள் மருந்துகளையும் ஆவணங்களையும் விட்டுவிட்டு உடுத்த உடையோடு போனார்கள். சிலர் மீண்டும் மீண்டும் இடம் மாற நேர்ந்தது. நீங்கள் குறிப்பிட்ட அந்த நோயாளிகளின் இறப்புக்கும் அதிகத் தகவல் காரணமில்லை. யாரை, எதில், எங்கே கொண்டுபோவது என்ற ஏற்பாடு இல்லாமையே காரணம். மாறாக, மிஹாரு என்ற சிறு நகராட்சி மார்ச் 15 அன்று காற்றின் திசையைத் தானே கவனித்து, தன் மக்களுக்கு அயோடின் மாத்திரைகளை வழங்கியது. திரும்பப் பெறச் சொல்லி மாகாண நிர்வாகம் கூறியும் மறுத்துவிட்டது. அங்கே கலவரம் ஒன்றும் மூளவில்லை.

கோண்டோவின் கணிப்பை அன்றே வெளியிட்டிருக்க வேண்டுமா என்பதில் மட்டும் நீங்கள் எழுப்பும் தயக்கம் எனக்கும் உண்டு. அது எளிதில் முடிவு சொல்லக்கூடியதன்று.

மறுமொழி: நெற்கதிர்

நம்பிக்கை எப்படிப் போயிற்று என்பதை எல்லோரும் எழுதிவிட்டீர்கள். அது ஓரளவு திரும்பி வந்த இடங்களும் ஃபுகுஷிமாவிலேயே உண்டு. எனக்கு அவையே முக்கியமாகப் படுகின்றன.

2011 அக்டோபரில் மாகாண ஆளுநர், மாதிரிச் சோதனைகளின் அடிப்படையில், ஃபுகுஷிமா அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஓனாமி என்ற பகுதியின் அரிசியில், கிலோகிராமுக்கு அப்போதைய வரம்பான 500 பெக்கரலைத் தாண்டி 630 பெக்கரல் கதிரியக்கச் சீசியம் இருந்தது தெரியவந்தது. அதற்கு முன்பே ஜூலையில், மாசுபட்ட வைக்கோலைத் தின்ற மாடுகளின் இறைச்சி சந்தைக்குப் போயிருந்தது. இவ்வாறு உறுதிமொழி தந்த சில வாரங்களிலேயே அது பொய்த்தபின், எவ்வளவு அழகாக விளக்கினாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மாகாணம் அதன்பின் விளக்குவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கியது. 2012 அறுவடையிலிருந்து, 30 கிலோகிராம் மூட்டைகளாக, விளைந்த அரிசி முழுவதையும், அதாவது ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகளைச் சோதித்தார்கள். வரம்பும் 2012 ஏப்ரலில் 100 பெக்கரலாகக் குறைக்கப்பட்டிருந்தது. முதல் ஆண்டில் 71 மூட்டைகள் வரம்பைத் தாண்டின. அவற்றை மறைக்காமல் அறிவித்தார்கள். சீசியத்தைப் பயிர் உறிஞ்சாமல் தடுக்க உழவர்கள் வயல்களில் பொட்டாசியம் உரத்தை இட்டார்கள். 2015 அறுவடை முதல் வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை. புள்ளியியல் அறிந்தவர்கள், இத்தனை மூட்டைகளைச் சோதிப்பது வீண்செலவு, மாதிரிகள் போதும் என்றார்கள். அவர்கள் சொன்னது கணக்குக்குச் சரி. ஆனால் மாதிரிச் சோதனையின் பெயரால் ஒருமுறை ஏமாந்தவர்களிடம் மீண்டும் மாதிரிச் சோதனையைக் காட்ட முடியாது. அந்த 71 மூட்டைகளை அறிவித்ததுதான், பின்னால் வந்த சுழியத்தை நம்பும்படி செய்தது என்று நான் கருதுகிறேன்.

அரசைச் சாராதவர்களும் அளந்தார்கள். விபத்து நடந்த சில நாள்களிலேயே தன்னார்வலர்கள் தொடங்கிய சேஃப்காஸ்ட் அமைப்பு, வண்டிகளில் பொருத்திய அளவைமானிகளால் தெருத்தெருவாக அளந்து, எவரும் பார்க்கும்படி வரைபடமாக வெளியிட்டது. இவாகி நகரில் தாய்மார்கள் சேர்ந்து 'தாராசினே' என்ற அளவீட்டுக்கூடத்தைத் தொடங்கி, தங்கள் சமையலறைக்கு வரும் பொருள்களைத் தாங்களே சோதித்தார்கள். பிரான்சில் செர்னோபில் மேகத்தைப் பற்றி அதிகாரிகள் மழுப்பியதன் எதிர்வினையாக 1986இலேயே 'கிரிராத்' என்ற சுதந்திரமான ஆய்வுக்கூடம் பிறந்தது. இத்தகைய அமைப்புகளை அதிகாரிகள் எதிரிகளாகப் பார்ப்பது பெரிய பிழை. இரண்டு தரப்பும் தனித்தனியே அளந்து ஒரே எண்ணுக்கு வந்தால், அரசு செலவில்லாமல் பெறும் சான்று அது.

அளப்பது எப்போதும் அச்சத்தைக் குறைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. விபத்தின்போது 18 வயதும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்கள் எல்லோருக்கும் தைராய்டு சோதனை தொடங்கியபோது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சிறு நீர்க்கட்டிகளோ கணுக்களோ தென்பட்டன. கவலைப்பட ஒன்றுமில்லை, அடுத்த சோதனைக்கு வந்தால் போதும் என்ற வரியோடு கடிதம் வந்தது. பெற்றோரின் தூக்கம் போயிற்று. பின்னர், விபத்தால் பாதிக்கப்படாத மூன்று மாகாணங்களின் குழந்தைகளைச் சோதித்தபோது, அங்கும் அதே அளவில், சற்றுக் கூடுதலாகவே, அவை காணப்பட்டன. எந்த ஊர்க் குழந்தையின் கழுத்திலும் நுட்பமான கருவியை வைத்துப் பார்த்தால் இவ்வளவு தெரியும் என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒப்பீட்டு ஆய்வையும் முதலில் செய்திருக்க வேண்டும்.

மறுமொழி: ஐயம்கொண்டவன்

அனைவருக்கும் நன்றி. அச்சம் நியாயமா, தவறா என்று நான் கேட்டதே சரியான கேள்வியாக இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அச்சப்பட்டவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி விடை சொல்லக்கூடிய கேள்விகளாகவே இருந்திருக்கின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கடலில் விடும் பணியில், அது பாதுகாப்பு நெறிகளுக்கு இசைவானது என்று பன்னாட்டு அணுசக்தி முகமையே கூறிய பிறகும் மீனவர்களின் எதிர்ப்பு ஏன் ஓயவில்லை? மேலும், தனிமனிதர் ஒருவர் சிறிய கதிர்வீச்சுமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதால் பயன் உண்டா?

மறுமொழி: நெற்கதிர்

முதல் ஐயத்துக்கு என்னால் இயன்ற விடை. நீர்த்தபின் அந்த நீரில் ஒரு லிட்டருக்கு 1,500 பெக்கரல் டிரிட்டியத்துக்கு (கதிரியக்க ஹைட்ரஜன்) மேல் இருக்கக் கூடாது என்பது ஜப்பான் வகுத்த வரம்பு. குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு 10,000. எண்ணைப் பார்த்தால் சிக்கல் இல்லை. ஆனால் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. தொட்டிகளில் இருப்பது டிரிட்டியம் மட்டுமே என்ற எண்ணத்தை ஆண்டுக்கணக்கில் வளரவிட்டார்கள். 2018இல் பார்த்தால், அப்போது தொட்டிகளில் இருந்த நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல், ஸ்ட்ரான்சியம் போன்ற பிறவும் வரம்பைத் தாண்டி இருந்தன. அவற்றை மீண்டும் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புணர்வின்றி எதையும் செய்ய மாட்டோம் என்று 2015இல் மீனவர்களுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒப்புணர்வு கிடைத்ததா என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டு பணியைத் தொடங்கினார்கள். மீனவர்கள் டிரிட்டியத்தின் இயற்பியலை எதிர்க்கவில்லை. கொடுத்த வாக்கைக் கேட்கிறார்கள். பன்னாட்டு முகமையின் அறிக்கை அதற்கு விடையாகாது.

மறுமொழி: அளவைமானி

இரண்டாவது ஐயத்துக்கு: சிறிய கருவிக்கு ஓரளவு பயன் உண்டு, அதன் எல்லை தெரிந்திருந்தால். நிற்கும் இடத்தில் கதிர்வீச்சு இயல்பைவிடக் கூடியிருக்கிறதா என்பதை அது காட்டும். அதற்கு விபத்து இல்லாத நாள்களிலேயே பலமுறை அளந்து, இயல்பான அளவு என்ன என்று குறித்து வைத்திருக்க வேண்டும். பாறையின் தன்மைக்கேற்ப அது இடத்துக்கு இடம் மாறும், மழை பெய்யும்போது சற்று ஏறும். ஆனால் உணவின் மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு நல்லது, கெட்டது என்று சொல்லவே கூடாது. ஒரு கிலோகிராமில் 100 பெக்கரல் என்பது சுற்றுப்புறக் கதிர்வீச்சில் மூழ்கிவிடும் அளவு. கைக்கருவியின் முள் அசையாது. உணவைச் சோதிக்க, அதை நறுக்கிக் கலத்தில் நிரப்பி, தடித்த ஈயக் கவசத்துக்குள், சோடியம் அயோடைடு அல்லது ஜெர்மானியம் உணரியின் மேல் போதிய நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் அது சீசியமா, இயற்கையான பொட்டாசியமா என்பதும் பிரிந்து தெரியும். எவராவது கைக்கருவியைக் காய்கறியின் மேல் காட்டி எடுத்த காணொளியைப் பரப்பினால், அது அபாயத்தைச் சொன்னாலும் ஆறுதலைச் சொன்னாலும், எந்தக் கருவி, எவ்வளவு நேரம், பக்கத்தில் உணவு இல்லாதபோது என்ன காட்டியது என்று கேளுங்கள். அதே கேள்விகளை அரசின் அறிக்கையிடமும் கேட்கலாம்.